ரிக் வண்டிக்காரர் மகளின் பியானோ

திருச்செங்கோட்டில் சென்னிமலை வீடு எது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். ரிக் சென்னிமலை என்று கேளுங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டிகளோடு ராஜஸ்தான், ஒடிசா என்று பாதி ஆயுசை வெளியூரிலேயே கழித்த மனுஷன். அவருடைய ஒரே மகள் மைதிலி பியானோ வாசிக்கிறவள். பொழுதுபோக்குக்கு இல்லை, அதுதான் அவளுக்குத் தொழில்.

ஏற்காட்டில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் பழைய பியானோ ஒன்று கிடந்தது. வீட்டு நினைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண் அதன்முன் போய் உட்கார்ந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. டாக்டருக்குப் படி என்று அம்மா வசந்தாமணி தலைகீழாக நின்று பார்த்தாள். மசிந்தால்தானே! சென்னையில் படித்தாள், பிறகு புடாபெஸ்ட் போனாள். குளிரில் விரல் விறைக்க விறைக்கச் சாதகம். போட்டிகளில் தோற்றாள், மறுபடி போனாள், மறுபடியும் தோற்றாள். முப்பதைத் தாண்டிய பிறகுதான் வியன்னாவிலும் டோக்கியோவிலும் தனிக்கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். ஊரில் மட்டும், சென்னிமலை பிள்ளை ஃபாரினில் ஆர்மோனியம் வாசிக்கிறது என்றே பேச்சு. அது அவளுக்கு முள்ளாகத் தைத்தது. யார் யாரோ மூச்சுவிடாமல் கேட்கிறார்கள், சொந்தச் சனம் ஒரே ஒரு தரம் உட்கார்ந்து முழுசாகக் கேட்டால் போதும் என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது.

அப்பாவிடம் சொன்னாள். நம்ம சனம் பத்து நிமிஷம் தாங்காது, கூடவே சினிமாப் பாட்டுப் பாட ஆள் வைத்துக்கொள் என்றார் அவர். மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சினிமாப் பாட்டெல்லாம் வேண்டாங்கப்பா. ஒரே உருப்படி, முக்கா மணி நேரம். முழுசாக் கேட்டாங்கன்னா சரி. இல்லீன்னா இந்த ஊர்ல நான் இனி பியானோவத் தொட மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். சென்னிமலை கல்யாண மண்டபம் பேசப் போனார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! பெங்களூரிலிருந்து பெரிய பியானோ லாரியேறி வந்து கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது. ரிக் ஆட்கள் சங்கிலி போட்டு அதை இறக்கிய வேகத்தில், சுருதி சேர்க்க வந்தவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. புது வண்டிக்குச் செய்கிற மாதிரியே மூடிமேல் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டி, கால் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்கள். மைதிலி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. நாமக்கல், சங்ககிரி, எடப்பாடி என்று உறவெல்லாம் வந்து இறங்கியிருந்தது. பாதிப் பேர் ரிக் தொழிலில் இருப்பவர்கள். மைதிலி வாசிக்க உட்கார்ந்தாள். முதல் பகுதி வேகமானது. சனம் ஆடாமல் அசையாமல் கேட்டது! அவளால் நம்பவே முடியவில்லை. அடுத்த பகுதி மெதுவானது. அதன் நடுவில் கைகளைத் தூக்கி, சத்தமே இல்லாமல் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் தாய்மாமன் குணசீலன். பொன்னாடையைப் பிரித்துக்கொண்டே விறுவிறுவென்று மேடையேறி, அவள் தோளில் போர்த்தியே விட்டார். தாய்மாமன் போர்த்திய பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நாளைக்குக் குறை வந்துவிடாதா? சித்தப்பா, பங்காளி, பக்கத்து ரிக் முதலாளி என்று ஆளாளுக்குப் பொன்னாடையோடு எழுந்து படியில் வரிசை கட்டிவிட்டார்கள். சரிகிற பொன்னாடையோடு மைதிலி வாசித்துக்கொண்டே இருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

முன்வரிசையிலிருந்து சென்னிமலை எழுந்தார். படியை மறித்து நின்று, வலது கையை முஷ்டியாக்கித் தலைக்குமேல் தூக்கினார்.

ரிக் ஓடுகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. எல்லாம் கைச்சாடைதான். முதலாளி முஷ்டியைத் தூக்கினால் சகலத்தையும் நிறுத்து என்று அர்த்தம், அது இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது. வரிசை நின்ற இடத்திலேயே நின்றது. பாதி எழுந்தவர்கள் பாதி எழுந்தபடியே நின்றார்கள். சாடை தெரியாதவர்களும் தெரிந்தவர்களைப் பார்த்து அடங்கிப்போனார்கள்.

மைதிலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வியன்னாவில்கூட இப்படி ஒரு அமைதி அவளுக்குக் கிடைத்ததில்லை. ஆசை தீர வாசித்தாள். மெதுவான பகுதி முடிந்தது, கடைசிப் பகுதி பறந்தது, கடைசிச் சுரமும் ஒலித்து ஓய்ந்தது.

கைதட்டலே இல்லை. ஒருத்தருக்கும் பிடிக்கவில்லையோ? திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேர் கண்ணும் அப்பாவின் கைமேல் இருந்தது. அவரோ கையை மறந்தேபோய், கன்னத்தில் கண்ணீர் வழிய, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, கைய எறக்குங்க. முடிஞ்சுதுங்கப்பா."

"அதுக்குள்ளயா சாமி?" என்றார் சென்னிமலை. கை இறங்கியது. மண்டபம் அதிர்ந்தது.