நாற்று பறித்த அன்றைக்கு ஸ்டியரிங் ஒழுகியது

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் தூத்துக்குடி ஜில்லா ஆத்தூர்ப் பக்கம் எவன் டிராக்டர் மக்கர் பண்ணினாலும் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். பவர் ஸ்டியரிங் வண்டியை எங்கள் ஊருக்குள் முதலில் ஓட்டிவந்தவனும் நான்தான். அந்த வண்டிக்கு இப்போது இருபது வயசுக்கு மேல்.

போன பிசான நெல் பருவத்தில் அந்த வண்டியே என்னைச் சோதித்தது. புருஷனை இழந்து தனியாக வெள்ளாமை பார்க்கிற பக்கத்துத் தெருக்காரி வயலில், தண்ணீர் கட்டிச் சேறடித்துக்கொண்டிருந்தேன். பாதி வயல் முடிந்திருக்கும், ஸ்டியரிங் இறுகிவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன் அச்சிலிருந்து ஆயில் சொட்டுகிறது. வரப்பில் அவள் காலையிலேயே பறித்துக் கட்டிய நாற்று முடிகள் கிடந்தன.

"அண்ணாச்சி, நாளைக்கு நடுகைக்கு ஆளு வருது. நாளைய விட்டா ஒரு வாரத்துக்கு எவளும் கிடைக்க மாட்டா. நாத்து அழுவிப் போவும்."

"ஏளா, அரை மணி நேரம். ஹோஸ் லூசாயிருக்கும், வேற ஒண்ணுமில்ல."

மல்லுக்கட்டி வண்டியைப் பாதைக்கு ஏற்றினேன். ஹோஸை முறுக்கி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினேன். மறுபடியும் சொட்டு.

"அரை மணி நேரம் ஆயிட்டு அண்ணாச்சி" என்றாள்.

ஆயில் கசிகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. அவசரத்தில் அதை மறந்திருந்தேன். டீசல் போட்டு எல்லாவற்றையும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தேன்.

"ஏளா, மூஞ்சிக்குப் போடுத பவுடர் வீட்டுல இருக்கா?"

"இந்த வயசுல பொண்ணு பாக்கப் போறியளோ?"

சிரித்துக்கொண்டே டப்பாவைக் கொண்டுவந்தாள். ஹோஸ், மூட்டு, சக்கரத்தைத் திருப்புகிற சிலிண்டர் எல்லாவற்றிலும் பவுடரைத் தூவினேன். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினேன். ஹோஸ் வெள்ளையாகவே இருந்தது. சிலிண்டரிலிருந்து ராடு வெளியே வரும் வாயில் மட்டும் பவுடர் நனைந்து வளையம் போட்டது. கள்ளன் அங்கே இருந்தான்.

சிலிண்டரைக் கழற்றி, ஆயில் வெளியே வராமல் அடைக்கிற ரப்பர் சீல் வளையத்தை எடுத்தேன். அதன் விளிம்பு கிழிந்திருந்தது. உள்ளே மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கல்லாய் இறுகிக் கிடந்தது. அவள் எட்டிப் பார்த்து மோந்தாள்.

"சந்தனம்லா இது! ஆயுத பூசைக்குப் பூசினதா?"

பளபளக்கிற சாமான் எதையும் பூசையன்று நான் சந்தனம் பூசாமல் விடுவதில்லை. வண்டியிலேயே அதிகம் பளபளப்பது அந்த ராடுதான். மூன்று விரலால் இழுத்துப் பூசி, குங்குமமும் வைத்திருந்தேன். அது காய்ந்து, ராடோடு உள்ளே போய், சீலின் விளிம்பை அறுத்திருக்கிறது.

"பக்தி உள்ளவன் எவனாவது பூசியிருப்பான்" என்றேன்.

"வண்டி ஒங்க வண்டி. பக்தி யாருது?"

கம்பெனிக் கடைக்குப் போன் போட்டால், பழைய மாடல், சீல் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். பைக்கை எடுத்துத் தூத்துக்குடிக்குப் பறந்தேன். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் மிஷின்களுக்குச் சீல் விற்கிற கடை ஒன்று எனக்குத் தெரியும். கடைக்காரன் மாடல் நம்பர் கேட்டான்.

"நம்பர் எதுக்குலே? உள்ளளவு, வெளியளவு, கனம் மூணையும் எடு."

மூன்றும் பொருந்துகிற ஒன்று கிடைத்தது. படித்த மெக்கானிக்காக இருந்தால் நம்பரைத் தேடிக்கொண்டு நாலு நாளும் உட்கார்ந்திருப்பான்.

திரும்பி வரும்போது மணி இரண்டு. காய்ந்த சந்தனம் ராடில் போட்டிருந்த கீறலை ஆயில் தொட்டு வாட்டர் பேப்பரால் நைசாகத் தேய்த்தேன். புது சீலுக்கு எண்ணெய் தடவி, மரக்கட்டையால் பதமாகத் தட்டி இறக்கினேன். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, உள்ளே இருந்த காற்றுப் போகும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். மறுபடி பவுடர் தூவினேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வயலில் இறங்கினேன். அவள் பார்க்கட்டும் என்று ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றினேன். வண்டி வெடுக்கென்று திரும்பி, மூலையில் வரப்பை உடைத்துவிட்டது.

"ஏ அண்ணாச்சி, தண்ணி போவுது!"

கட்டின தண்ணீரெல்லாம் பக்கத்து வயலுக்குப் பாய்கிறது. வேட்டியோடு குதித்துச் சேற்றை அள்ளி அடைத்தேன். அவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளே தவிர, ஒரு வெட்டு வெட்டவில்லை. பிறகு இரண்டு கையாலும் ஓட்டி, பொழுது சாயுமுன் முடித்தேன்.

மறுநாள் மதியத்துக்குள் கடைசி முடி நாற்றும் சேற்றில் இறங்கிவிட்டது. நடுகைக்கு வந்தவர்களில் ஒருத்தி மூலையைக் காட்டி, "இந்தக் கோணல் வரப்பு யாரு கட்டுனது?" என்று கேட்டாள். பக்கத்துத் தெருக்காரி என்னைக் கை காட்டினாள்.

கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுப்பு வரைக்கும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை.