கோர்செட்டின் இடுப்பு நாடா

அந்தக் கல்யாணக் கவுனைக் கெடுத்தது நீங்கள்தான், முதலாளி. நான் இல்லை.

துபாய் அல் கூஸில், கார் ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில் உள்ள உங்கள் தையல் கூடத்தில் கவுன்களுக்கு, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கோர்செட் தைத்தவள் நான். அந்தக் காலத்து ராணிகள் திமிங்கில எலும்பு வைத்து இதைப் போட்டார்கள் என்று வருகிற பெண்களிடமெல்லாம் அளப்பீர்கள். அது எலும்பே இல்லை. திமிங்கிலத்தின் வாய்க்குள் இருக்கும் வளைகிற தகடு. இப்போது ஸ்டீல் கம்பி வைக்கிறோம். ஆனால் பாரம் தாங்குவது கம்பி இல்லை. இடுப்பைச் சுற்றி உள்ளே ஒரு நாடா ஓடும். முதுகுக் கயிற்றை இறுக்கும்போது வருகிற இழுப்பையெல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும். நாடா போனால் துணி கிழியும்.

கயிறு கட்டும் இடத்தில் மூன்று விரல் இடைவெளி விட்டுத்தான் தைப்போம். தளர்த்த அதுதான் வழி. அடியில் துணி வைத்து மறைத்தும் விடுவோம். நம் ஆட்களுக்கு அது ஆகாது. வரவேற்பு அன்று காலை, போட்டுப் பார்க்க வந்த கல்யாணப் பெண்ணின் அம்மா பிடிவாதமாக நின்றார்.

"இதென்னம்மா, பின்னாடி பொளந்துக்கிட்டு நிக்குது? ஊரே போட்டோ எடுக்கும். மூடுங்க."

"மூடினா உட்காரக்கூட முடியாதுக்கா."

"அவ எங்க உட்காரப் போறா? மேடையில நிக்கத்தானே போறா!"

மூடினேன். பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "மம்மி, ஐ காண்ட் ப்ரீத்" என்றாள்.

நீங்கள் என்னிடம், "யல்லா தங்கச்சி, சீக்கிரம் நைஃப் மார்க்கெட் போய் முத்து வாங்கிட்டு வா. இத நான் பாத்துக்கிடுறேன்" என்றீர்கள். கூடத்தில் முத்து மூட்டையாகக் கிடந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். திரும்பி வந்தால் கவுன் பைக்குள் போயிருந்தது. ஜிப்பைத் திறக்கப் போனேன். "கலாஸ், கலாஸ், முடிஞ்சுபோச்சு! டிரைவர் நிக்கிறான்" என்று கையைத் தட்டிவிட்டீர்கள்.

மேடையிலேயே இடுப்பில் கிழிந்தது. அந்தப் பெண் கடைசிவரை சால்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாளாம்.

மறுநாள் கவுன் திரும்பி வந்தது. உள்துணியைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத் தையலைப் பிரித்து, ஒட்டுத்துணி வைத்து அகலப்படுத்தியிருந்தது. அந்த இடத்தில் நாடா இரண்டு துண்டு. இஸ்திரி போடும் பாகிஸ்தான்காரரிடம் காட்டினேன். நுனியைத் தடவிப் பார்த்தார். "ஃபட்டா நஹி, காட்டா ஹை" என்றார். கிழிந்ததில்லை, வெட்டியது. இழை பிரியாமல் நுனி நேராக இருந்தது. உடனே சுற்றும்முற்றும் பார்த்து, "என் பெயரை இழுத்துவிடாதே" என்றும் சொன்னார்.

நீங்களோ, துபாய், ஷார்ஜா தையல்கடைக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், நாடா வைக்க மறந்தவள் என்று என் படத்தோடு போட்டீர்கள். அதன் பிறகு ஒரு கடையும் என்னை நம்பிக் கோர்செட் தருவதில்லை. வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன்.

தனியாகப் போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். என்னை நைஃபுக்கு விரட்டிவிட்டு அந்தப் பக்கத் தையலில் கத்தரிக்கோலை வைத்தது யார்? அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி, பதில் எழுதுங்கள்.