காட்டுவதற்கு ஒருத்தி

பத்தாம் வகுப்பில் என்னைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியது காலாண்டு மதிப்பெண். விடிவதற்குள் அம்மாவோடு மல்லிகை பறித்துவிட்டு, பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து சேர்ந்தால் முதல் பீரியடிலேயே கண் சொக்கும். அதற்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் ‘மெல்லக் கற்போர்’. எங்களுக்கு முழுப் பாடம் கிடையாது. பாஸாகிற அளவுக்குச் சில கேள்விகள், அதையே திரும்பத் திரும்ப எழுத வேண்டும். எனக்கோ பதினொன்றில் சயின்ஸ் குரூப் எடுக்க ஆசை. அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்தால்தான் அது நடக்கும்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் அறிவியல் டீச்சர் ஒத்திகையைத் தொடங்கினார். இதயப் பாடம். ஆளுக்கொரு கேள்வி, எல்லாம் முன் பெஞ்சுக்கு. எங்களிடம், “தலையக் குனிஞ்சு எழுதுற மாதிரி இருங்க. வாயத் தொறந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்” என்றார். அவர்கள் ஒப்பித்ததை நான் சும்மா கேட்கவில்லை. பூப்பறிக்கும்போதுகூட அந்த இதயத்தைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த அதிகாரி விவரமான ஆள். ஒத்திகையில் இல்லாததைக் கேட்டார்.

“இதயத்தோட இடது பக்கச் சுவர் மட்டும் ஏன் தடிமனா இருக்கு?”

முன் பெஞ்சு ஒத்திகைப் பதிலையே மறுபடி ஒப்பித்தது. டீச்சர் முகம் வெளுத்ததைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன். கையைத் தூக்கினேன்.

“வலது பக்கம் பக்கத்துல இருக்க நுரையீரலுக்குத் தள்ளுனாப் போதும் சார். இடது பக்கம் உடம்பு முழுக்கத் தள்ளணும்ல.”

“இந்தப் பிள்ளை ஏன் கடைசியில உக்காந்திருக்கு?”

டீச்சர் கூசாமல் சொன்னார்: “மெல்லக் கற்போர் சார். தனியா உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்து இம்புட்டுக் கொண்டாந்திருக்கேன்.”

அதிகாரி அவரை வாயாரப் பாராட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெஞ்சு மாறிவிடும் என்று மறுநாள் ஆசையோடு போய் நின்றேன்.

“டீச்சர், இனிமே முன்னாடி உக்காரவா?”

“நல்லாருக்கே. அவரு மறுபடியும் வருவாரு. உன்னய முன்னாடி ஏத்திட்டா, முன்னேறுன புள்ளைன்னு நான் யாரடி காட்டுறது?”

வருகிறவர்களுக்கெல்லாம் என்னை எழுப்பிக் காட்டினார். நானும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லித் தொலைத்தேன்.

தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அம்மாவோடு போனபோது மேசையில் இருந்தது அதே டீச்சர். அறிவியலில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

“மெல்லக் கற்கிற புள்ளைம்மா. இம்புட்டுக் கொண்டாந்ததே நான்தான். சயின்ஸெல்லாம் அதுக்குத் தாங்காது.”

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னாள்.