ஒற்றை வாசல் கூடாரம்

ஜிப்புக்காரருக்கு மூடிய கதவு ஆகாது. அது தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அவர் பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தார். பயந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான், தங்கள் பயத்தைப் பட்டுத்துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். பாதித் துணி வெளியே தொங்குவது அவர்களுக்கு மட்டும் தெரியாது.

அவர் பைகளுக்கு ஜிப் மாற்றித் தருகிறவர். பயணப்பெட்டி, பள்ளிக்கூடப் பை, குளிர்கோட்டு என்று எது வாயைத் திறக்க மறுத்தாலும் அவரிடம் வரும். இரண்டு பெரிய கட்டிடங்களுக்கு நடுவே, ஒரு தையல் மெஷினும் ஒரு ஆளும் மட்டும் அடங்கும் கடை. கதவு கிடையாது. ஷட்டர் உண்டு, ஆனால் அவர் உள்ளே இருக்கும்வரை அது ஒரு சாண்கூடக் கீழே இறங்காது. சாரல் அடித்தால் நனைந்துகொண்டே தைப்பார். பக்கத்து செருப்புக்கடைக்காரர், "ஒரு கண்ணாடிக் கதவு போட்டா என்னய்யா, குடியா முழுகிடும்?" என்று கேட்டால், "கதவு இருந்தா வர்றவங்க தயங்குவாங்கண்ணே" என்பார்.

வீடு நான்காவது மாடியில். லிஃப்டில் ஏறமாட்டார், கேட்டால் முட்டிக்கு நல்லதாம். பேருந்தில் வாசலை ஒட்டித்தான் நிற்பார், கேட்டால் காற்று வருமாம். குளியலறைக் கதவைத் தாழ் போடமாட்டார். யாராவது தெரியாமல் உள்ளே வந்துவிடக்கூடாதே என்று குளிக்கும்போதெல்லாம் உரக்கப் பாடுவார். அந்தக் குரலைக் கேட்டு மேல் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். சட்டைப்பையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று மெழுகுவர்த்தித் துண்டு, முரண்டு பிடிக்கும் ஜிப்பில் தேய்ப்பதற்கு. இன்னொன்று தையல் பிரிக்கும் சின்னக் கத்தி. அதுவும் தொழிலுக்குத்தான் என்று சொல்லிக்கொள்வார். கல்யாண வீட்டுக்குப் போகும்போது எந்தத் தொழிலுக்கு என்று நாம் கேட்கக்கூடாது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், எங்கிருந்தும் வரவில்லை. சின்ன வயதில் அலமாரிக்குள் மாட்டிக்கொண்டார், கிணற்றில் விழுந்தார் என்று ஏதாவது இருந்தால் சொல்ல வசதியாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குத் தலை சீக்கிரம் நரைக்கிறது, இவருக்குக் கதவு சாத்தினால் மூச்சு முட்டுகிறது. அவ்வளவுதான்.

அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். வீட்டில் அவள் பெயர் வாலு. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து நூல்கண்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அப்பா சொல்வதையெல்லாம் கூடவே சொல்வாள். "இழுக்காதீங்க, பின்னால தள்ளுங்க" என்பது அவர் தினமும் சொல்வது. ஜிப் துணியைக் கவ்விக்கொண்டால் எல்லோரும் முன்னால்தான் இழுப்பார்கள், அது இன்னும் இறுக்கிக்கொள்ளும்.

ஒருநாள் மாலை, வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவி சொன்னாள். "ஏங்க, வாலு இப்பல்லாம் லிஃப்ட்ல ஏற மாட்டேங்குது. நாலு மாடியும் நடந்துதான் வருது. பாத்ரூம் கதவையும் சாத்தறதில்ல."

"சின்னப் புள்ள. ஏதாவது விளையாட்டா இருக்கும்."

"தாயைப் போல பிள்ளைன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்ல அப்பனைப் போல."

"நான் முட்டிக்காகத்தானே..."

"ஆமா, முட்டிக்காகத்தான்," என்றாள் மனைவி. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

தன் பயம் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். மகளுக்குச் சொத்து என்று தான் சேர்த்து வைத்தது இதுதானா என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. இனி அவளும் ஆயுசு முழுக்க வாசலோரமாகவே நிற்பாள், எந்த அறைக்குள் போனாலும் முதலில் கதவைத் தேடுவாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஏரிக்கரைக்குக் கூப்பிட்டார். இரண்டு குடும்பமும் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்றார். "உங்க டென்ட்டை நீங்க வாங்கிக்கோங்க மாப்ளே, எங்களுதுல எங்க குறட்டைக்கே இடம் பத்தாது." வாலு குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது.

ஜிப்புக்காரர் மாட்டிக்கொண்டார். வரமுடியாது என்றால், பயந்தால் ஒதுங்கிவிடலாம் என்று மகளுக்குப் பாடம் நடத்தியதாகிவிடும். போவது என்றால் இரவு முழுக்கத் துணிக்குள் கிடக்கவேண்டும். அதற்கு வாசலும் ஜிப்! உலகத்தில் ஜிப் எத்தனை விதமாகக் கெட்டுப்போகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? "வேணாம்னா சொல்லிடலாங்க, அண்ணன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு" என்றாள் மனைவி. "போலாம்" என்றார்.

கூடாரம் விற்கும் கடை ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மனைவி லிஃப்டில் போனாள். வாலு வழக்கம்போல அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். "நீ அம்மாகூடப் போயிருக்கலாமே?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

உள்ளே கூடாரங்களை வரிசையாக அடித்து நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வாசல் வைத்த பெரிய கூடாரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மனைவி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல அதை மெதுவாகப் பழைய இடத்தில் விட்டாள். அதோடு அந்தக் கூடாரத்தின் கதை முடிந்தது. எல்லாவற்றிலும் மலிவானது இருவருக்கானது, தீப்பெட்டிக்குள் குச்சிபோலப் படுக்கவேண்டும்.

விற்பனைப் பெண் நடுத்தரமான ஒன்றைக் காட்டினாள். "இதுல நாலு பேர்னு போட்டிருக்கும் சார். நாலு பேரும் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கணும். மூணு பேருக்குத் தாராளம். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ போறவங்களுக்கு இது போதும். மேல வலை இருக்கு, மழைக்குத் தனி உறை இருக்கு. சும்மா அதிக விலை குடுக்காதீங்க."

"வாசல் ஒண்ணுதானாம்மா?"

"மூணு பேருக்கு எத்தன வாசல் சார் வேணும்?"

நியாயமான கேள்விதான். அவர் குனிந்து ஜிப்பை இழுத்துப் பார்த்தார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஜிப்பில் ஓடுகிற பிடிக்கு ரன்னர் என்று பெயர், வளைவில் அது கொஞ்சம் பிடித்தது. உடனே சட்டைப்பையிலிருந்து மெழுகை எடுத்துப் பல் வரிசை முழுக்கத் தேய்த்துவிட்டார். விற்பனைப் பெண் திகைத்து நிற்க, "இப்ப வழுக்கிட்டுப் போகும் பாருங்க" என்று வாலு விளக்கம் கொடுத்தாள்.

"சரி, உள்ள படுத்துப் பாருங்க. நின்ன வாக்கிலயே பாத்து வாங்கிட்டுப் போயி, கால் இடிக்குதுன்னு திருப்பிக் கொண்டு வர்றவங்கதான் ஜாஸ்தி."

மனைவி பாய் விலை கேட்க அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள். வாலு உள்ளே புகுந்து கைகாலைப் பரப்பிப் படுத்து, "அப்பா, வா!" என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தவழ்ந்து போனார். வாசல் திறந்துதானே இருக்கிறது. இரண்டு தவழல் தவழ்ந்தால் வெளியே வந்துவிடலாம்.

"மழை பேஞ்சா எப்படி இருக்கும்னு பாருங்க!" என்று சொல்லி, விற்பனைப் பெண் மேல் உறையைப் போர்த்தினாள். வெளியிலிருந்து ஜிப்பைப் பிடித்து, எப்போதும் இழுக்கும் வேகத்தில் ஒரே இழுப்பாக இழுத்தாள். எப்போதும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் ரன்னர் இப்போது மெழுகில் வழுக்கி விர்ரென்று ஓடியது, வளைவில் தொங்கிய உள்மடிப்புத் துணியைக் கொத்தாகக் கவ்விக்கொண்டு நின்றது. அவள் இழுத்தாள். இன்னும் இறுகியது.

"சார், கொஞ்சம் மாட்டிக்கிச்சு. இருங்க, சூப்பர்வைசரக் கூட்டிட்டு வரேன்." காலடிச் சத்தம் தூரப் போனது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று இதைத்தான் சொல்வார்கள். பயந்து பயந்து மெழுகு தேய்த்தவரும் அவர்தான், அந்த மெழுகால் அடைபட்டவரும் அவர்தான்.

உள்ளே அரையிருட்டு. துணி முகத்துக்கு நேரே வந்து நிற்பதுபோல் இருந்தது. அவர் ரன்னரைப் பிடித்தார். விரல் நழுவியது. பிடித்து இழுத்தார், திறக்கும் பக்கம்கூடத் தெரியாமல் முன்னாலேயே இழுத்தார். ஆயிரம் பேருக்கு இழுக்காதீர்கள் என்று சொன்ன மனிதர் பைத்தியம் பிடித்தவர்போல இழுத்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. மூச்சு பாதியிலேயே நின்று திரும்பியது. செத்துப்போய்விடுவோம் என்று நினைத்தார், சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. கத்தியை எடுத்துக் கூடாரத் துணியில் முனையை வைத்தார். ஒரு கிழி, காற்று வந்துவிடும்.

அப்போதுதான் பக்கத்தில் மகள் இருப்பது நினைவுக்கு வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இழுக்காத. பின்னால தள்ளு."

"கை வரலடா." குரல் அவருடையதுபோலவே இல்லை. "அப்பாவுக்கு... பயமா இருக்கு."

வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல்லிவிட்டார், அதுவும் யாரிடம் சொல்லக்கூடாதோ அவளிடமே.

"தெரியும்," என்றாள் வாலு. வெகு சாதாரணமாகச் சொன்னாள். "கத்திய உள்ள வை. நான் பண்றேன்."

அவள் முட்டிபோட்டு, ஒரு கையால் துணியை இறுக்கிப் பிடித்து, மறு கையால் ரன்னரைப் பின்னால் தள்ளினாள். அந்தச் சின்ன விரல்களில் நடுக்கமே இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"எனக்கு எதுக்குப் பயம்? உனக்குத்தானே."

"அப்புறம் ஏன் லிஃப்ட்ல வர மாட்டேங்கிற? பாத்ரூம் கதவ ஏன் சாத்தறதில்ல?"

வாலு வேலையை நிறுத்தாமலே சொன்னாள். "படியில நீ தனியா ஏறணுமேன்னுதான். கதவு, நீ மட்டும் சாத்தாம இருந்தா அம்மா உன்னத் திட்டுவாங்கல்ல? நானும் சாத்தலன்னா ரெண்டு பேரையும்தானே திட்டுவாங்க."

அவர் கத்தியைச் சட்டைப்பைக்குள் போட்டார். துணி மெல்ல நழுவியது. ரன்னர் கீழே இறங்க, கடை வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே வந்தது. வெளியே மனைவி மண்டியிட்டு, முகம் வெளுத்து, இன்னொரு பக்கத்திலிருந்து அதே துணியை விரலால் நெம்பிக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஒண்ணுமில்லையே?" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

அந்தக் கூடாரத்தையேதான் வாங்கினார்கள். "உள்மடிப்ப ஓரமா ஒரு தையல் போட்டுட்டா மறுபடி மாட்டாது, நானே போட்டுக்கறேன்" என்று அவர் சொன்னார். ஏரிக்கரை ராத்திரி எப்படிப் போகுமோ என்ற பயம் மட்டும் அப்படியே இருந்தது. பயம் என்ன, ஜுரமா, மாத்திரை போட்டதும் இறங்க?

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார். வாலு கையைப் பிடிக்க வந்தாள்.

"நீ அம்மாகூட லிஃப்ட்ல போடா."

"நீ?"

"நான் படியில வரேன். கீழ பாக்கலாம்."

அவள் தயங்கினாள். அம்மா இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு இரும்புக் கதவுகளும் மகளின் முகத்தை மறைத்துக்கொண்டு மூடின. கூடாரப் பை முதுகில் இடிக்க, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். கீழே வந்து மூச்சு வாங்க லிஃப்ட் வாசலில் நின்றார். கதவு இன்னும் மூடியிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

கதவு திறந்தது. வாலு பாய்ந்து வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவருக்குத் தெரிந்தது.

"பயந்துட்டியாடா?"

"லிஃப்ட்ல இல்லப்பா," என்றாள். "அந்தப் பையத் தூக்கிக்கிட்டு நீ படியில விழுந்துடுவியோன்னு."