லார்க்ஸ்பர் பாத்திக்குள் இரண்டு காட்டெருமைகள்

குன்னூருக்குக் கீழே, தேயிலைச் சரிவை ஒட்டிய வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது முன்பக்கம் வெறும் களைதான் கிடந்தது. அங்கே நீலப்பூ வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். லார்க்ஸ்பர் விதை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்து விதைத்தேன். குளிர் பட்டால்தான் அது முளைக்கும். முதல் நாற்றுகளை நத்தை தின்றது. மறுபடி விதைத்தேன். சித்திரையில் இடுப்புயரத் தண்டுகள் முழுக்க நீலம்.

பக்கத்து வீட்டு அக்கா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் இங்கே வந்து, கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றவர். தண்டு சாயாமல் குச்சி நட்டுக் கட்ட ஒருநாள் காலை உதவிக்கு வந்திருந்தார்.

"சாயத்துல முக்கி எடுத்த மாதிரியில்ல இருக்கு, தங்கச்சி" என்றார்.

மேலே தேயிலைக்குள் மடமடவென்று செடி முறிந்தது. இரண்டு ஆண் காட்டெருமைகள். தெருவில் தினமும் பார்க்கிறவைதான்; ஒதுங்கி நின்றால் தம்பாட்டுக்குப் போய்விடும். அன்று கொம்போடு கொம்பு கோத்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கின. தகரவேலி அப்படியே மடங்கியது.

"அக்கா, ஓடியாங்க! உள்ள வந்துருங்க!"

அவர் எழுவதற்குள், பின்வாங்கிய எருமை இடித்துப் பாத்தியில் விழுந்தார். அது சட்டென்று திரும்பித் தலையைக் குனிந்தது. கொம்பு அவர் தொடைக்குள் போனதைப் பார்த்தேன். தூக்கி வீசிவிட்டு மறுபடி குத்த வந்தது.

மண்வெட்டியை எடுத்து அதன் மூக்கில் அடித்தேன். கல்லில் அடித்ததுபோல் தோள்வரை அதிர்ந்தது. இன்னொரு அடியில் மூக்கு பிளந்து ரத்தம் என் முகத்தில் தெறித்தது. நான் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத வசவெல்லாம் கத்தினேன். அது என் பக்கம் திரும்பவும், மற்றது அதன் விலாவில் பாய்ந்து குத்தவும் சரியாக இருந்தது. இரண்டும் பூச்செடிகளைக் கூழாக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கிப் போயின.

அக்காவின் தொடையைத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன். என் வீட்டுக்காரர் ஜீப் கொண்டுவந்தார்.

"போயிருச்சா தங்கச்சி? போயிருச்சா?" ஆஸ்பத்திரி வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் முடிந்து அவர் வார்டில் இருந்தபோது, ஓடையில் ஒரு காட்டெருமை வயிறு கிழிந்து செத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். வனத்துறை ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் மூக்கை மட்டும் பார்த்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்காவிடம் விஷயம் எட்டியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததுமே கேட்டார்: "என்னையக் குத்துனதுதானே?"

"ஆமாங்க்கா."

"சும்மா செத்துச்சா, வதப்பட்டுச் செத்துச்சா?"

"வதப்பட்டுத்தானுங்க்கா."

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து டீ கேட்டார்.

இப்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். மூக்கில் தழும்போடு அந்த எருமை எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. அதைக் கண்டால் அக்காவிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்து வீட்டுக்குள் அழைத்துப் போய்விடுவேன்.