அக்காவை அழைக்க ஹட் பே போனோம்

செஞ்சி பேருந்து நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குச் சென்னை வண்டி ஏறினோம், நானும் என் அக்கா மகள் வாணியும். கிளாம்பாக்கம் வரை ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். வாணி மடியில் மஞ்சள் துணி சுற்றிய காலிப் பித்தளைச் செம்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த திண்டிவனத்து அம்மாவுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்கம்மா, கோயிலுக்கா?"

"இல்லீங்க, அந்தமானுக்கு. ஃபால்ஸ் பாக்க" என்றேன்.

"அடேயப்பா! குடுத்து வெச்சவங்க."

குடுத்துத்தான் வைத்திருக்கிறேன், போங்கள். அந்த அருவியில்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் அக்கா சாந்தி செத்துப்போனாள். அவள் வீட்டுக்காரர் லிட்டில் அந்தமான் தீவுக்குக் கொத்தனார் வேலைக்குப் போனார், இவளும் சித்தாள் வேலைக்குக் கூடவே போனாள். "ரெண்டே வருஷம்டி, மாடி கட்டற காசு சேந்ததும் வந்துடறேன்" என்று சொல்லி, பதின்மூன்று வயசு வாணியை என்னிடம் விட்டுப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாட்களோடு அருவி பார்க்கப் போனவள் பாறையில் வழுக்கி விழுந்தாள். போன் வந்தது, உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். வாணி தன் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக்கூட இல்லை. மாமா மறு வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவர் பேச்சு இங்கே எதற்கு.

இந்தத் தையில் வாணிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரியை அழைக்க வேண்டும். வீட்டில் இறந்துபோன பெண்தான் வீட்டுக்குச் சாமி. ஏரிக்கரையில் பம்பை அடித்து அவளைக் கூப்பிட்டு, தண்ணீரில் பூச்சரம் விடுவோம். பூ கரைக்குத் திரும்பினால் அவள் வரச் சம்மதித்துவிட்டாள். அந்தத் தண்ணீரைச் செம்பில் மொண்டு, கீழே வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச் சேலை வைத்துப் படைப்போம். வல்லம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் ஏரியில் கார்த்திகைக் கடைசியில் அழைத்தோம். ஒரு மணி நேரம் அடித்தும் பூ ஏரி நடுவிலேயே நின்றது.

"இந்தத் தண்ணில அந்தம்மா இல்ல. எந்தத் தண்ணில போச்சோ அங்க போயி கூப்புடணும்" என்றார் பம்பைக்காரர்.

"இன்னாங்க பேசறீங்க? அது நடுக்கடல்ல இருக்குது" என்று நான் கத்தினேன்.

வாணி கத்தவில்லை. "எங்கம்மா வராம எனக்குக் கல்யாணம் வாணாம் சித்தி" என்று மட்டும் சொன்னாள். அப்படியே அக்கா பிடிவாதம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வாயை அடைத்துவிட்டு, தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடையை ஒரு வாரம் பூட்டினேன்.

திங்கள் காலை ஏழரைக்கு விமானம். இரண்டு பேருக்குமே முதல் தடவை. சோதனை செய்யுமிடத்தில் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், காலி என்றதும் விட்டுவிட்டார்கள். இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். இப்போது அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர், ஆட்டோக்காரர்கள் பழைய பேரைத்தான் சொல்கிறார்கள். அறை வாடகை தொள்ளாயிரம். வாணி ராத்திரி சாப்பிடவில்லை.

செவ்வாய் காலை ஆறரைக்குக் கப்பல் புறப்பட்டது. லிட்டில் அந்தமானில் கப்பல் நிற்கும் ஊர் ஹட் பே, நூற்றிருபது கிலோமீட்டர், ஏழரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் கடலைப் பார்த்தேன், மீதி நேரம் வாந்தி எடுத்தேன். இரண்டு மணிக்கு இறங்கினோம். படகுத்துறை டீக்கடையிலேயே தமிழ் காதில் விழுந்தது. அருவிக்கு வழிகாட்ட ஆள் கேட்டதும் கடைக்கார அம்மாதான் சைமன் என்பவரை வரவழைத்தார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பம், பிறந்தது இந்தத் தீவில், வயசு ஐம்பதுக்கு மேல் இருக்கும். தமிழ்க் கொத்தனார்களோடு வேலை செய்து நன்றாகவே தமிழ் பேசினார். வழிகாட்ட ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார். "ரெண்டு ஃபால்ஸ் இருக்குது. கிட்ட இருக்கிறதுக்கு எல்லாரும் போறாங்க. உள்ள இருக்கிறது எதுக்கு உங்களுக்கு?" என்றார். அங்கேதான் போக வேண்டும் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாரோ என்று ஒரு பயம்.

புதன் காலை ஏழு மணி. ஜீப்பில் பதினாறு கிலோமீட்டர், அதற்குப் பிறகு நடைதான், நான்கு கிலோமீட்டர். செஞ்சியில் மலை என்றால் பாறை, வெயில், அதன் மேல் கோட்டைச் சுவர். பத்து மைலுக்கு அப்பால் நின்றாலும் முழுசாகத் தெரியும். இங்கே மலை ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதே மூச்சு வாங்கும்போதுதான் தெரிந்தது. மரத்துக்கு மேல் மரம், அதைச் சுற்றிப் பிரம்புக் கொடி, கொடியெல்லாம் முள். ஓடையை மூன்று இடத்தில் முழங்கால் தண்ணீரில் கடந்தோம். அட்டைக்குப் பயந்து புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் கட்டிவிட்டார் சைமன். அப்படியும் என் கணுக்காலில் நான்கு. நான் "ஐயோ, ஐயோ" என்று குதித்துக்கொண்டே போனேன். வாணி குனிந்துகூடப் பார்க்காமல் முன்னால் போனாள்.

பத்து மணி வாக்கில் சத்தம் கேட்டது, அப்புறம் அருவி தெரிந்தது. இரண்டு தென்னை உயரம் இருக்கும். கறுப்புப் பாறையில் வெள்ளையாக விழுந்து, கீழே பச்சையாக ஒரு மடு. அழகாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு இப்படியா இருக்கும்!

பாறை மேல் வாழை இலை போட்டு, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்தோம். கற்பூரம் ஏற்றினோம். எங்கள் ஏரியில் அடித்த பம்பையை வாணி போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். அதைப் போட்டால், அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முதல் பூச்சரத்தை விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றியது, மடுவின் வாயில் இறங்கிப் போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. ஏரித் தண்ணீர் நிற்கும், இது ஓடுகிற தண்ணீர். இதில் எந்தப் பூ திரும்பி வரும்? இத்தனை தூரம் வந்து, இதை யோசிக்கவில்லையே பாவி!

கையில் ஒரு சரம்தான் பாக்கி. வாணி முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் தண்ணீரில் இறங்கி நின்று கத்தினேன். "இன்னாக்கா இது? பொண்ணு கூப்புடுது, கேக்கலியா? ஒம்பது வருஷம் நான் வளத்துட்டேன், கல்யாணத்துக்குக் கூட நீ வரமாட்டியா? வாக்கா!" ஒன்பது வருஷமாக அவளை நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது. மூன்றாவது சரத்தை விட்டோம். அதுவும் போய்விட்டது.

வாணி காலிச் செம்போடு பாறையில் உட்கார்ந்தாள். "வரலன்னு சொல்லிட்டாங்க சித்தி" என்றாள்.

சைமன் இதுவரை தள்ளி நின்றிருந்தார். பக்கத்தில் வந்து, "நீங்க அந்த சாந்தி வீட்டு ஆளுங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் ஓடை இறங்கும் பக்கம் கை காட்டினார். "மேல வுழுந்தது எதுவும் கடலுக்குப் போவாது. கீழ ஒரு வளைவுல வந்து நிக்கும். அவங்களையும் அங்கதான் எடுத்தோம். எடுத்த நாலு பேர்ல நான் ஒருத்தன்."

வாணி எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். "எங்கம்மா முகம் எப்படி இருந்துது?"

நான் தடுக்கப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. "நெத்தில அடி இருந்துது. முகம் நல்லாதான் இருந்துது. மூக்குத்தி மேல மண்ணு ஒட்டி இருந்துது. நான்தான் தொடச்சி வுட்டேன்" என்றார்.

வாணி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடையோரமாகவே இறங்கி நடந்தோம், இருபது நிமிஷம். கீழே முதலை வரும் இடம் என்று சைமன் கம்பால் தண்ணீரை அடித்துக்கொண்டே போனார். வளைவில் ஒரு பெரிய மரம் வேர்களை ஓடைக்குள் இறக்கியிருந்தது, தண்ணீர் அங்கே ஆடாமல் நின்றது. வேரை ஒட்டி, கரையைத் தொட்டுக்கொண்டு மூன்று சரமும் கிடந்தன. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வாணி செம்பை முக்கி நிரப்பினாள், வேப்பிலை செருகினாள், மஞ்சள் துணியால் வாயைக் கட்டினாள். "வாம்மா, போலாம்" என்றாள். சைமன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசிய பணத்தில் ஒரு பைசா வாங்கவில்லை.

வியாழன் முழுக்கக் கப்பலில் செம்பு அவள் மடியிலேயே இருந்தது. அவள் எழுந்து போகும்போது நான் வாங்கிக்கொள்வேன். ராத்திரி அறையிலும் அப்படித்தான், ஆள் மாற்றி ஆள்.

வெள்ளி காலை விமான நிலையத்தில் செம்பைப் பெட்டியோடு போட்டுவிடச் சொன்னார்கள். "எங்கம்மாவ மூட்டையோட போடமாட்டேன்" என்றாள் வாணி. "நீ கைலயே எடுத்துக்கினு வா, சாமி தண்ணின்னு சொன்னா வுட்டுடுவாங்க" என்று தைரியம் சொன்னவள் நான்தான். மேல்மலையனூர் கோயில் பஸ்ஸா அது, சாமி பேரைச் சொன்னால் வழி விடுவதற்கு? பெட்டி உள்ளே போய்விட்டது. சோதனைக்கு நின்ற இடத்தில் செம்பை வாங்கி ஆட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுபோகக் கூடாது, சட்டம் என்றார்கள். நான் கெஞ்சினேன், கையைப் பிடித்தேன். அங்கிருந்த பெண் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. கோபப்படாமல்தான் சொன்னார், "என்னால முடியாதும்மா. கொட்டிடுங்க, இல்ல இங்கியே குடிச்சிட்டு வாங்க. ரெண்டுல ஒண்ணு."

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வாணி ஓரமாகப் போனாள். துணியை அவிழ்த்தாள், வேப்பிலையை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"வாணி, காட்டுத் தண்ணிடி. ரெண்டு நாளாச்சு. கல்யாணத்த வெச்சிக்கினு..."

"எங்கம்மாதான சித்தி."

அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்துக் குடித்தாள், நிறுத்தாமல், ஒரு சொட்டு சிந்தாமல். காலிச் செம்பைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

தை பிறந்து கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வீட்டில் படையல். பம்பைக்காரர் வந்ததும் முதலில் செம்பைத்தான் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் வாணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்ப இன்னா, சேலைய அதுக்கே கட்டி வுடு" என்றார்.

சாமி அறையில் அவளை நிற்க வைத்து, பூவாடைக்காரிக்கு எடுத்த புதுச் சேலையைக் கட்டினேன். வெளியே பம்பை அடித்துக்கொண்டிருந்தது. கொசுவத்தை மடித்துச் செருகினேன். முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், "வந்துட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.