காலைக் காட்சிக்குப் போன அக்கா

மகன் கைபேசியில் ஒரு பழைய அமெரிக்கப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். கார் டயர்கள் கிறீச்சிடும் சத்தம் அடுப்படிவரை வந்தது.

"கிளாசிக்மா. காலேஜ்ல பாடமாவே வச்சிருக்காங்க" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே படத்தைச் சங்கரன்கோவிலில், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் பார்த்திருக்கிறேன். அப்போது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அக்கா, இங்கிலீஷ் காதில் விழட்டும் என்று என்னையும் கூட்டிப் போனாள். எங்கள் ஊரில் காலைக் காட்சி இங்கிலீஷ் படம் என்றாலே அசிங்கப் படம் என்றுதான் பேச்சு. கொட்டகையில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

மதியமே பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணாச்சி அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, அந்தப் படமா பாத்துட்டு வாரே?"

"போலீஸ்காரன் கொலைகாரனத் தொரத்துதான்ப்பா. வேற ஒண்ணுமே இல்ல."

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை, அக்காவை அடித்தார். அதோடு அக்காவின் படிப்பை நிறுத்தி, தறிக்கு நூல் சுற்ற உட்காரவைத்தார்.

அண்ணாச்சி எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தவர். "நீரு எதுக்குவே அங்கன போனீரு?" என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.

"நீயும் உக்காந்து பாரும்மா" என்றான் மகன்.

"ஏலே, உங்க பெரியம்மாவுக்குப் போன் போடு. இது பாடம்னு அவகிட்டச் சொல்லு" என்றேன்.